விக்கர்ஸும் என் ஆள்காட்டி விரலும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் லட்சுமி வெடி கொளுத்தினால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட ஆள் கூப்பிடுவேன். அப்படிப்பட்ட எனக்குப் பழைய ராணுவ மெஷின் கன் என்றால் உயிர். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். ஒருமுறை அப்படிச் சொல்ல ஆரம்பித்ததால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதகர் வேலை. நாள் முழுக்க ஸ்பிரிங்கை அமுக்குவது, அளப்பது, மறுபடி அமுக்குவது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஸ்பிரிங் பற்றி எதையோ தேடப்போய், நூறு வருடப் பழைய மெஷின் கன் ஒன்றைத் துண்டு துண்டாகக் கழற்றிக் காட்டும் வீடியோவில் போய் விழுந்தேன். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, இரண்டு கைகள் மட்டும் தெரிகிற வீடியோ. உள்ளே ஒரு பாகம், முழங்கால் மடங்கி நிமிர்வதுபோல மடங்கி நிமிர்ந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் காகிதத்தில் கோடு போட்டு, அரத்தால் ராவி ராவி இப்படி ஒன்றைச் செய்திருக்கிறார்! டப்பாவில் தயிர்சாதம் காய்ந்துபோகும்வரை பார்த்தேன்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. தலைக்குமேல் வளைந்த தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பிரென், தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோல் வட்டத் தட்டு வைத்த லூயிஸ், எல்லாவற்றுக்கும் ராஜாவாக, குழலைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி கட்டிய விக்கர்ஸ். ஒவ்வொன்றின் சத்தத்தையும் வாயாலேயே போட்டுக் காட்டுவேன். பிரென் நிதானம்: டக்-டக்-டக்-டக். ஜெர்மன்காரன் செய்தது புதுத்துணியைக் கிழிப்பதுபோல: டர்ர்ர்ர்ர். (அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். "இன்னாடா இது, எப்பப் பார்த்தாலும் டர்ரு புர்ருன்னுகினு? அக்கம்பக்கத்துல உனக்கு வயிறு செரியில்லன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்பாள்.)

வாட்ஸாப்பில் ஒரு ரசிகர் குழுவும் வைத்திருந்தேன். மொத்தம் ஐந்து பேர். ஒருவன் என் அத்தை மகன். சேர்த்த அன்றே குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டான். ஒருவர் காட்டுப்பாக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். எதைப் போட்டாலும் கும்பிடு போடுகிற படம் ஒன்றை மட்டும் அனுப்புவார். இன்னொருவர் யார் என்று இன்றுவரை தெரியாது. உண்மையான உறுப்பினன் டில்லிபாபு மட்டும்தான். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரன், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்களில் ஒருவரும் நிஜ மெஷின் கன்னைப் பத்தடி தூரத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எந்த மாடலில் எந்தத் திருகு தளரும் என்பதற்காக ஒருவாரம் பேசாமல் இருந்திருக்கிறோம்.

எனக்கு இருபத்தெட்டு வயதில் ஆவடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் ஹேமாவதி. அவள் அப்பா தனசேகரன் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். குடும்பம் குவார்ட்டர்ஸில் இருந்தது. ஹேமாவும் எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தாள், லாரிக்கு ரேடியேட்டர் செய்கிற இடத்தில்.

பெண் பார்க்கப் போகிற வழியில் ஷேர் ஆட்டோவிலேயே அம்மா எச்சரித்தாள்.

"தோ பாரு லோகு. அங்க போயி துப்பாக்கி அது இதுன்னு வாயத் தொறந்தே, உன்ன அங்கயே உட்டுட்டு வந்துடுவேன். நீ ஒண்ணும் பேச வாணாம். சிரி. அது போதும்."

நாற்பது நிமிடம் சிரித்தேன். தாடை வலித்தது. தனசேகரன் நல்ல மனிதர். பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"தம்பிக்கு பொழுதுபோக்கு எதுனா உண்டுங்களா?"

"புக்கு படிப்பேங்க."

"நல்லது. என்ன மாதிரி புக்கு?"

"சாமி புக்குங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

ஹேமா தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை.

கேசரி முடிகிற நேரத்தில் தனசேகரன் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஃபேக்டரி கிரவுண்டுல பொதுமக்களுக்காக கண்காட்சி வைக்கிறாங்க. டாங்கியெல்லாம் நிக்கும். மிலிட்டரிக்காரங்க பழைய மெஷின் கன்னுகூட கொண்டாந்து வைக்கிறாங்களாம். தம்பி வரட்டுமே. பசங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிப் பார்க்கட்டும். அப்புறமா முடிவு பண்ணிக்கலாம்."

கையிலிருந்த கேசரித் தட்டு என்னையறியாமல் சாய்ந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாமியையோ கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை க்ரீம் கலர் பேண்ட், நீலச் சட்டை, கொஞ்சம் அதிகப்படியான சென்ட் சகிதம் ஆவடி போய்ச் சேர்ந்தேன். டில்லியும் வந்தான். நான் கூப்பிடவில்லை. "மாமே, நீ பொண்ணப் பாரு, நான் கன்னப் பாக்கறேன்" என்றான். கன்னம் அல்ல, கன். படிக்கிறவர்கள் தவறாக நினைக்க வேண்டாம்.

மைதானத்தில் டாங்கிகள், அதன்மேல் ஏறத் துடிக்கும் பிள்ளைகள், ஐஸ்கிரீம் வண்டி, லெமன் ஜூஸ். ஒரு பந்தலுக்குள் பச்சைத்துணி விரித்த நீள மேஜை. அதன்மேல் அவர் இருந்தார்.

விக்கர்ஸ்.

படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக, கறுப்பாக, எண்ணெய் வாசனையோடு. தொட்டித் தகட்டில் ஓடும் நெளிவுகள், பின்னால் இரண்டு கைப்பிடிகள், பித்தளையில் ஒரு தகடு. சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டது என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் ஹேமா அவள் அப்பாவோடு நிற்பதையே மறந்துவிட்டேன். அம்மாவின் எச்சரிக்கையும் மறந்துபோயிற்று.

வாயைத் திறந்தேன்.

முப்பத்தைந்து நிமிடம் மூடவில்லை என்று பிறகு டில்லி கணக்குச் சொன்னான். தொட்டியில் ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்றேன். சுடச்சுடக் குழல் காய்ந்து அந்தத் தண்ணீர் கொதிக்கும், ஆவி முன்பக்க ஓட்டை வழியாக ரப்பர் குழாயில் இறங்கி ஒரு தகர டப்பாவில் மறுபடி தண்ணீராகும், அந்தத் தண்ணீரில் சிப்பாய்கள் டீ போட்டார்கள் என்று ஒரு கட்சியும், போடவே இல்லை என்று இன்னொரு கட்சியும் உண்டு, நான் இரண்டாவது கட்சி என்றேன். சத்தமும் போட்டுக் காட்டினேன். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது. என் புலமைக்குத்தான் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். முன்வரிசையிலிருந்த பெரியவர் மரியாதையாகக் கை உயர்த்தி, "சார், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்றார்.

ஹேமா மட்டும் நகராமல் நின்றாள். நான் மூச்சுவிட நிறுத்தியபோது கேட்டாள்:

"இதால எத்தனை பேர் செத்திருப்பாங்க?"

ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவில் இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குத் திருகாணி எண்ணிக்கை தெரியும். இது தெரியாது.

"தெரியலைங்க" என்றேன். "நிறைய."

அவள் தலையாட்டினாள். தொட்டியின் மூட்டுகளையே கொஞ்சநேரம் பார்த்தாள். "செஞ்ச கை நல்ல கைதான். செய்யச் சொன்ன வேலைதான் பாழாப்போன வேலை" என்றாள். பிறகு, "ஆமா, இது துப்பாக்கி மாதிரியே இல்லயே. எங்க ரேடியேட்டர் மாதிரில்ல இருக்கு? உள்ள துருப்பிடிக்காதா? எங்களுக்கு அதான் பெரிய தொல்லை."

இங்கேதான் விதி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. "தெரியலை" என்று இரண்டாவது முறை சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. தரப் பரிசோதகன் அல்லவா? காவலுக்கு நின்ற ஹவில்தார், டாங்கிமேல் ஏறிய பிள்ளைகளை இறக்கப் போயிருந்தார். தொட்டியின் மேல்பக்கம் தண்ணீர் ஊற்றும் ஓட்டையின் மூடியை அலட்சியமாகத் திருகி எடுத்தேன். "தொட்டுப் பார்த்தாலே சொல்லிடுவேன்" என்று ஆள்காட்டி விரலை உள்ளே விட்டேன்.

இரண்டாவது கணுவரை வழுக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே சொரசொரப்பு. "லேசா துரு இருக்குங்க" என்று அறிவித்தேன். விரலை எடுத்தேன்.

எடுத்தேன் என்று எழுதிவிட்டேன். வரவில்லை.

ஒரு மனிதன் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? "விரல் மாட்டிக்கொண்டது" என்று சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன்? இன்னும் பத்து நிமிடம் சொற்பொழிவு ஆற்றினேன். ஒரு கை பேச்சுக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருக்க, மறுகை விக்கர்ஸின்மேல் உரிமையோடு பதிந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யானையோடு நிற்கும் பாகன் மாதிரி இருந்திருக்கும்.

"வாங்க தம்பி, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்றார் தனசேகரன்.

"நீங்க போங்க மாமா. நான் இன்னும் கொஞ்சம் ரசிச்சுட்டு வர்றேன்."

"வெயில் ஏறுதே, டாங்கியப் பார்க்க வேணாமா?"

"இங்கிருந்தே தெரியுதுங்க."

அவர் ஹேமாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர்கள் தலை மறைந்ததும் டில்லியை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நண்பன் என்றால் அவன்தான்: முதலில் போனை எடுத்துப் படம் பிடித்தான், அப்புறம்தான் விரலைப் பார்த்தான்.

"மச்சான், மூச்ச இஸ்த்துப் புடி" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தான். விரல் வரவில்லை, துப்பாக்கி ஓரங்குலம் வந்தது. அந்தச் சத்தத்தில் ஹவில்தார் ஓடி வந்தார். குடியாத்தம் பக்கத்துக்காரர், மீசை மட்டும் தனி ஆள்போல முன்னால் வந்தது.

"இன்னாபா பண்ணிக்கினு கீறே? கைய எடு!"

"எடுக்க முடிஞ்சா எடுத்திருக்க மாட்டேனா சார்?"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேலையில் எத்தனையோ பார்த்திருப்பார். இதைப் பார்த்ததில்லை என்று முகம் சொன்னது.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம் சார்" என்றான் டில்லி.

"இவரு போலாம். கன்னு போவாது. அது ரிஜிஸ்டர்ல கீற ஆயுதம். கேட்டத் தாண்டி எட்த்துனு போவணும்னா மேல எழுதிக் கேக்கணும்."

"கேட்டா எப்ப வரும் சார்?"

"இன்னிக்கி ஞாயித்துக்கெழமையாச்சே" என்று ஹவில்தார் யோசித்தார். நான் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். மேஜைக்கடியில் படுக்க இடம் இருந்தது.

இதற்குள் இந்தப் பந்தல்தான் கண்காட்சியிலேயே அதிகக் கூட்டமுள்ள பந்தல் ஆகிவிட்டது. டாங்கியைக் கேட்பாரில்லை. ஆளுக்கொரு யோசனை. ஒருவர் விளக்கெண்ணெய் என்றார், ஒருவர் பஜ்ஜிக்கடை எண்ணெய் போதும் என்றார். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் முன்னால் வந்து தொட்டியைத் தட்டிப் பார்த்து, "மேல்தகடு மெல்லிசுதான். அரை இஞ்சு அறுத்தா வந்துடும். வண்டியில ஆக்ஸா பிளேடு வச்சிருக்கேன்" என்றார்.

அதுவரை முனகிக்கொண்டிருந்த நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக அதற்குமுன் கத்தியதில்லை.

"ஐயோ, அறுக்காதீங்க! நூறு வருஷம் தாங்கினதுங்க அது! அதுல ஒரு கீறல் விழக் கூடாது. விரலை வேணும்னா என்னமோ பண்ணிக்குங்க!"

அப்போதுதான் இடதுபக்கம் திரும்பினேன். கையில் ஐஸ்கிரீம் கப்போடு ஹேமா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தனசேகரன். அவர் கப்பிலிருந்து வெனிலா உருகி முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

இந்தச் சம்பந்தம் இதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேமா கப்பை அப்பாவின் மறுகையில் கொடுத்தாள். மேஜையைச் சுற்றி வந்து விக்கர்ஸின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஆவி போறதுக்கு முன்பக்கம் ஒரு ஓட்டைன்னு சொன்னீங்களே, அது இந்தத் தொட்டியோடதான சேருது?"

"ஆமாங்க" என்றேன். வலியிலும் எனக்கு ஆச்சரியம். முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு ஆள் கேட்டிருக்கிறார்!

அவள் ஹவில்தார் பக்கம் திரும்பினாள். "சார், இத அறுக்கவும் வேணாம், எடுத்துட்டுப் போகவும் வேணாம். தண்ணி ஊத்தலாமா? தண்ணி ஊத்தறதுக்குன்னு செஞ்சதுதான சார் இது?"

ஹவில்தார் மீசையைத் தடவினார். "தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ரூல்சுல ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் அந்தப் பந்தல் அவள் கையில். ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து ஐஸ், ஜூஸ் கடையிலிருந்து குடமும் புனலும், கேண்டீனிலிருந்து பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர். ஹவில்தாரும் டில்லியும் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, ஆவி போகிற ஓட்டையில் புனலை வைத்து ஐஸ் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் உள்ளே சரிந்து வந்து என் விரலைத் தொட்டபோது உச்சந்தலைவரை ஜில்லிட்டது.

"நீங்க முட்டி போடுங்க" என்றாள் என்னிடம். "கை மேலயும் நெஞ்சு கீழயும் இருக்கணும். அப்பதான் வீக்கம் வடியும்."

முட்டி போட்டேன். வலதுகை மேலே, முகம் அவளைப் பார்த்து.

"மாமே, சினிமால லவ்வு சொல்ற மாதிரியே கீது" என்றான் டில்லி, ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் போனுமாக.

இந்த இடத்தில் விக்கர்ஸ் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. பின்பக்கம் தண்ணீர் கசியாமலிருக்கக் குழலைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு, வருடக்கணக்கில் காய்ந்துபோயிருந்தது போலும். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூலாகத் தண்ணீர் ஒழுகிற்று. நேராக என் க்ரீம் கலர் பேண்டின்மேல். எந்த இடத்தில் என்று நான் சொல்லத் தேவையில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் துப்பாக்கி ஒழுகுவது தெரியாது. நனைந்த பேண்ட் மட்டும் தெரியும். "பாவம், ரொம்ப பயந்துட்டாரு" என்று ஒரு அம்மாள் பரிதாபப்பட்டது காதில் விழுந்தது.

ஹேமா கடிகாரத்தைப் பார்த்தாள். விரலைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டாள்.

"இப்ப இழுக்காதீங்க. திருப்புங்க. போல்ட்டு கழட்டுற மாதிரி, மெதுவா."

திருப்பினேன். ஒரு கணு. இன்னும் கொஞ்சம். "ப்ளக்" என்று பாட்டில் தக்கை கழன்றதுபோல் ஒரு சத்தம். விரல் வெளியே வந்தது, வேகவைத்த சேப்பங்கிழங்கின் நிறத்தில். கைதட்டல் டாங்கி வரைக்கும் கேட்டிருக்கும்.

ஹவில்தார் துப்பாக்கியைத் தலைகீழாக்கி வடித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, அதன்பிறகுதான் என்னைப் பார்த்தார். ஒரு நோட்டில் எழுதினார்: "பொருளுக்குச் சேதம் இல்லை. கசிவு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது." கையெழுத்துக் கேட்டார். என் விரல் பேனா பிடிக்க மறுத்ததால் இடது கட்டைவிரல் ரேகை வைத்தேன். (நான் பி.எஸ்ஸி. இயற்பியல்.)

நான் வீட்டுக்குப் போவதற்குமுன் டில்லியின் வீடியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றாள்.

"சாமி புக்கு படிக்கிறவன் துப்பாக்கி ஓட்டையில ஏன்டா வெரல உட்டே?"

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. விரல் வலியைவிட அந்தக் கடைசிப் பார்வைதான் வலித்தது: கிளம்பும்போது ஹேமா என்னை ஒருமுறை பார்த்து, கைக்குட்டையில் மீதி ஐஸைச் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது இரக்கமா, விடைகொடுப்பா என்று எனக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தனசேகரன் போன் செய்தார். அம்மா எடுத்து, மன்னிப்புக் கேட்பதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எங்க பொண்ணுக்குச் சம்மதங்க" என்றார் அவர்.

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், சரியான நம்பர்தானா என்று.

"எனக்கே புரியலைங்க, கேட்டேன்" என்றார். "'அவ்ளோ நேரம் மாட்டிக்கிட்டு நின்னாரு, யார் மேலயும் எரிஞ்சு விழல. தன் விரல் போனாலும் பரவால்ல, அடுத்தவன் செஞ்ச பொருள் கெடக் கூடாதுன்னாரு. அந்த மாதிரி ஆள் எங்க கம்பெனியில ஒருத்தர்கூட இல்லப்பா'ங்குது. இன்னொரு கண்டிஷனும் போடுது. ஏதோ குரூப்பு இருக்காமே? அதுல சேர்த்துக்கணுமாம்."

அன்றே சேர்த்தேன். அவள் போட்ட முதல் செய்தி, விக்கர்ஸின் பின்பக்கக் கசிவை எப்படி அடைத்திருக்கலாம் என்று கையால் வரைந்த படம். காட்டுப்பாக்கம் மருந்துக்கடைக்காரர் முதன்முறையாகக் கும்பிடு போடாமல் எழுத்தால் எழுதினார்: "அருமை அம்மா."

கல்யாணத்தில் மோதிரம் போடும் நேரத்தில் என் விரலில் அது கொஞ்சம் இறுக்கிற்று. டில்லி மண்டபமே கேட்கக் கத்தினான்: "யாராச்சும் ஐஸ் கொண்டாங்கப்பா!" ஐயர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள், அதற்குள் எல்லாரும் வீடியோ பார்த்திருந்தார்கள். இன்றைக்கும் விருந்தாளி யாரிடமாவது நான் எதையாவது பத்து நிமிடத்துக்குமேல் விளக்கிக்கொண்டிருந்தால், ஹேமா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "விரலை எடுங்க, அவங்க வீட்டுக்குப் போகட்டும்."

போன வருடம் எங்கள் மகளுக்கு ஆறு வயது. அதே கண்காட்சிக்கு மூன்று பேரும் போனோம். மேஜையில் விக்கர்ஸ் அப்படியே இருந்தது. காவலுக்குப் புது ஆள், இளைஞர். தண்ணீர் ஊற்றும் மூடியை அசைய முடியாதபடி பற்றவைத்திருந்தார்கள். எதற்கு என்று யாரோ கேட்க, அந்த இளைஞர் குரலைத் தாழ்த்தி விளக்கினார்:

"முன்ன ஒருத்தர் இதுல விரல விட்டுட்டாருங்க. என்னென்னமோ பண்ணிப் பாத்தும் வரல. கடைசில விரலையே வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சாம்."

சுற்றி நின்றவர்கள் "அச்சச்சோ" என்றார்கள். நானும் மிகுந்த வருத்தத்தோடு "அச்சச்சோ" என்றேன். ஹேமா கூரையைப் பார்த்தாள். அந்த அளவில் மரியாதையாக நகர்ந்திருக்கலாம். அதற்குள் என் மகள் இரண்டு கையாலும் என் வலதுகையைப் பிடித்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

"பொய் அங்கிள்! அது எங்கப்பாதான்! விரல் இருக்கு பாருங்க, வெட்டவே இல்ல! பேண்ட்டுதான் ஈரமாயிடுச்சு!"